இருப்புப்பாதை ஓரத்தில் உலக வரலாறு

வரலாற்று மாணவன் பக்கம்

உலக வரலாறு என்றவுடன் நம் பிள்ளைகளின் முகத்தில் சலிப்புத் தோன்றுவதை வாசக அன்பர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். பிரெஞ்சுப் புரட்சி 1789, வாட்டர்லூ 1815, முதல் உலகப் போர் 1914, ருஷ்யப் புரட்சி 1917 என்று ஆண்டுகளை உருப்போடுகிறார்கள். தேர்வுத்தாளில் அவற்றை இறக்கி வைக்கிறார்கள். மறுநாளே மறந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. அந்நூலில் வரும் ஊர்கள் பெரும்பாலும் கடலுக்கு அப்பால் உள்ளவை. பெயர்கள் வாயில் நுழையாதவை. அங்கே நடந்தவற்றுக்கும் நம் வீட்டுக்கும் தொடர்பு உண்டு என்று எடுத்துச் சொல்வாரும் இலர்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து கன்னட நாட்டில் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இக்குறை இன்னும் ஒருபடி மிகுதி. சோழர் வரலாறு தாத்தாவின் ஊருக்கு உரியது. மைசூர் வரலாறு வகுப்பில் அருகே அமர்ந்திருக்கும் கன்னட நண்பனுக்கு உரியது. உலக வரலாறோ வெள்ளையருக்கு உரியது. தனக்கென உள்ள வரலாறு எது என்று கேட்டால் நம் பிள்ளை விழிக்கிறான். தனக்கு வரலாறு இல்லை என்று எண்ணி வளர்பவன், தான் வாழும் ஊரிலும் பாதி விருந்தினனாகவே வாழ்வான். ஆகையால் இது மதிப்பெண் பற்றிய செய்தி மட்டும் அன்று.

நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். ஆயினும் வரலாற்றை விடாமல் படித்து வருகிறேன். அப்படிப் படித்ததில் எனக்குத் தெளிவாகப்பட்ட ஒன்றை இத்திங்கள் எழுதுகிறேன். சென்ற இருநூறு ஆண்டு உலக வரலாற்றின் பெரிய பாடங்கள் அனைத்தும் வைட்ஃபீல்ட் நிலையத்தின் வழியே சென்றிருக்கின்றன. தொழிற்புரட்சி, பேரரசு, மக்கள் குடிபெயர்வு, தேசிய இனம், குடியுரிமை ஆகிய யாவும் நம் பாதையோரத்திலேயே கிடக்கின்றன. அவற்றைக் காண மூன்று கேள்விகள் போதும். எந்த நிகழ்ச்சியைப் படித்தாலும், இதனால் பயன் பெற்றவர் யார், சுமை சுமந்தவர் யார், ஊர் பெயர்ந்தவர் யார் என்று கேட்டுப் பழகுதல் வேண்டும்.

பாதை வந்த கதை

தொழிற்புரட்சியின் விளைவுகளை எழுதுக என்பது தேர்வில் தவறாமல் வரும் வினா. விடையாக நீராவி இயந்திரம், நூற்பு ஆலை, இருப்புப்பாதை என்று வரிசையாக எழுதுவார்கள். இங்கிலாந்தில் நீராவியால் ஓடும் பொது இருப்புப்பாதை 1825-இல் ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் இடையே தொடங்கியது. அதற்கு 39 ஆண்டுகள் கழித்து, 1864 ஆகஸ்டு 1-ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மென்ட் வரையிலான பாதை திறக்கப்பட்டது. இன்றும் நாம் சொந்த ஊர் செல்வதற்கு ஏறுவது அதே பாதையில்தான்.

இப்பாதையை இட்டது மதராஸ் ரயில்வே என்னும் ஆங்கிலக் கம்பெனி. அக்காலத்துக் கம்பெனிகளுக்கு அரசாங்கம் ஓர் உறுதி அளித்திருந்தது. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி கிடைக்கும். வருமானம் அதற்குக் குறைந்தால் குறைந்த தொகை இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடு செய்யப்படும் என்பதே அவ்வுறுதி. லண்டனில் பங்கு வாங்கியவருக்கு நட்டம் என்னும் அச்சமே இல்லை. வண்டியையே காணாத சேலத்து உழவனும் வட ஆர்க்காட்டு நெசவாளனும் செலுத்திய வரி அந்த வட்டிக்குத் துணை நின்றது. தண்டவாளமும் இயந்திரமும் இங்கிலாந்தின் ஆலைகளிலிருந்து கப்பலில் வந்தன. இங்கிலாந்தில் இருப்புப்பாதை இரும்புத் தொழிலையும் நிலக்கரித் தொழிலையும் வளர்த்தது. இங்கோ அது விளைபொருளைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லவும், ஆங்கிலத் துணியை உள்நாட்டுக்குக் கொண்டு வரவும், படையை விரைந்து நகர்த்தவும் பயன்பட்டது.

ஜப்பான் நாட்டை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கு முதல் பாதை 1872-இல்தான் திறக்கப்பட்டது. அவர்களும் ஆங்கில இயந்திரங்களையே வாங்கினர். ஆயினும் தொழிலைக் கற்றுக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தம் இயந்திரங்களைத் தாமே செய்யத் தலைப்பட்டனர். நம் நாட்டில் பேரளவில் ரயில் இயந்திரம் செய்யச் சித்தரஞ்சன் தொழிற்சாலை தோன்றியது 1950-இல். நம் பெங்களூரின் எலஹங்காவில் சக்கரமும் அச்சும் செய்யும் தொழிற்சாலை 1984-இல் உற்பத்தி தொடங்கியது. இயந்திரம் ஒன்றே, ஆட்சி எவர் கையில் இருந்தது என்பதே வேற்றுமை. இதனை உணர்ந்த மாணவன் தொழிற்புரட்சியின் விளைவுகளை உருப்போட வேண்டியதில்லை, தானே எழுதிவிடுவான்.

பாதை வந்த பன்னிரண்டாம் ஆண்டில் பெரும்பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணமும் மைசூர் நாடும் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. 1871-ஆம் ஆண்டுக் கணக்கில் மைசூர் நாட்டு மக்கள் 50 இலட்சத்துக்கு மேல். 1881-இல் ஏறத்தாழ 42 இலட்சம். பத்தாண்டுகளில் பெருக வேண்டிய தொகை எட்டு இலட்சத்துக்கு மேல் குறைந்தது. ரயில் தானியத்தைக் கொண்டு வந்தது உண்மை. பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை என்பதும் உண்மை. கையில் காசு இல்லாதவனுக்கு வாசலில் வண்டி நின்றும் பயன் என்ன? உயிர் பிழைத்தவர்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். இலங்கைத் தேயிலைத் தோட்டம், மலாயா, பர்மா, நேட்டால் எனத் தமிழன் சிதறிய வரலாற்றில் இப்பஞ்சம் ஒரு பெரிய அத்தியாயம்.

பொன்னும் கைரேகையும்

அவ்வாறு பெயர்ந்தவர்களுள் எல்லோரும் கடல் கடக்கவில்லை. பஞ்சம் ஓய்ந்த சில ஆண்டுகளில், 1880-இல், ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் லண்டன் நிறுவனம் கோலாரில் தங்கச் சுரங்க வேலையை ஏற்றது. அப்பொழுது உலகமே பொன்னைத் தேடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் நாணயம் பொன்னோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஒன்றுபட்ட ஜெர்மனியும் 1871-க்குப் பின் அம்முறைக்கு மாறியது. பிற நாடுகளும் தொடர்ந்தன. நாணயத்துக்குப் பொன் வேண்டும். பொன்னுக்குச் சுரங்கம் வேண்டும். சுரங்கத்துக்கு ஆள் வேண்டும். பெர்லினில் எடுத்த முடிவுக்கும் திருப்பத்தூர்ப் பக்கத்துச் சேரி ஒன்றில் ஒருவன் மூட்டை கட்டியதற்கும் இப்படி ஒரு சங்கிலி இருந்தது.

வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளரே சுரங்கத்தின் அடித்தளம். அவர்களுள் மிகப் பலர் ஆதிதிராவிட மக்கள். சுரங்கத்தின் இருளும் வெப்பமும் கொடியவை. பாறை வெடிப்பு எந்த நேரமும் உயிர் குடிக்கும். கல்தூசு நுரையீரலைத் தின்னும். இருந்தும் அவர்கள் வந்தார்கள். ஊரில் பண்ணையாரின் முற்றத்தில் குனிந்து நின்று கூழ் பெற்றவனுக்கு, இங்கே உழைப்புக்குக் கூலி பணமாகக் கிடைத்தது. அப்பணத்தோடு ஒரு நிமிர்வும் கிடைத்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின் நின்று, 1920-களில் கோலார் தங்கவயலில் அப்பாதுரையாரால் மீண்டும் நடத்தப்பட்டது. சுரங்கத்திலிருந்து ஏறி வந்து விளக்கடியில் இதழ் படித்த தொழிலாளரை உலக வரலாற்றின் மாந்தராக எண்ணாமல் வேறு எவரை எண்ணுவது?

1902-இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து 92 மைல் தொலைவு கம்பி இழுத்து இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது அதற்குப் பின், 1905-இல். தலைநகரை முந்திக்கொண்டு சுரங்கத்துக்கு மின்சாரம் சென்றது ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். முதற்கேள்விக்கு விடை அவர்களுக்கே கிட்டும்.

இன்னொரு செய்தி. ஆட்களைக் கைரேகையால் அடையாளம் காணும் முறை கல்கத்தாவில் 1897-இல் போலீஸ் துறையில் நிலைபெற்று, பின்பு உலகெங்கும் பரவியது. 1906-இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் அரசு, அங்கு வாழ்ந்த ஆசியர் அனைவரும் கைரேகை பதிந்து சீட்டு வாங்க வேண்டும் என்று சட்டம் கொணர முற்பட்டது. குற்றவாளிக்குச் செய்வதைக் குடிவந்தவனுக்கும் செய்வதா என்று மக்கள் கொதித்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் ஜொஹானஸ்பர்க் நகரத்துக் கூட்டத்தில், காந்தியடிகள் முன்னிற்க, அச்சட்டத்துக்குப் பணிவதில்லை என்று உறுதி பூண்டனர். சத்தியாக்கிரகம் பிறந்தது அங்கேதான். அப்போராட்டத்தின் பிற்பகுதியில், 1913-இல், மூன்று பவுன் தலைவரி முதலிய கொடுமைகளை எதிர்த்துச் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் துறந்தாள். வயது பதினாறு. தில்லையாடியை அவள் கண்ணால் கண்டதில்லை, ஜொஹானஸ்பர்கில் பிறந்தவள்.

1930-இல் கோலார் தங்கவயலிலும் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். தென்னாப்பிரிக்கச் சுரங்க நாட்டிலும் நம் பக்கத்துச் சுரங்க நாட்டிலும் குடிபெயர்ந்த தமிழன் ஒரே கேள்வியைக் கேட்டான். என் உழைப்பை வாங்கிக்கொள், என் மானத்தையும் சேர்த்து வாங்கியதாக எண்ணாதே என்பதே அதன் பொருள். நம் பிள்ளைகள் படிக்கும் உரிமைப் போராட்ட வரலாற்றில் இதற்கு இடம் வேண்டும்.

வட்டத்துக்குள் ஓர் ஊர்

இனி நம் ஊரின் பெயருக்கு வருவோம். ‘வைட்’ என்பது வெள்ளை நிறத்தைக் குறிப்பதென்று நினைப்பவர் பலர். அது டேவிட் வைட் என்பவரின் பெயர். ஐரோப்பியத் தந்தையருக்கும் இந்தியத் தாயருக்கும் பிறந்த மரபினரின் சங்கத்தைச் சென்னையில் நிறுவி நடத்தியவர் அவர். அந்த இனத்தாரை அக்காலத்தில் யூரேஷியர் என்றனர். இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலோ-இந்தியர் என்ற பெயர் நிலைத்தது.

அவர்கள் நிலை இரங்கத்தக்கது. 1791-இல் கிழக்கிந்தியக் கம்பெனி, இந்தியத் தாய்க்குப் பிறந்தவருக்குத் தன் உயர்ந்த சேவைகளில் இடமில்லை என்று விதி செய்தது. பேரரசைக் கட்டுவதற்குப் பிறப்பித்த பிள்ளைகளைப் பேரரசே வாசலில் நிறுத்தியது. பின்னர் ரயில்வேயிலும் தந்தித் துறையிலும் அவர்களுக்கு வேலை கிடைத்தது; எனினும் அனைவருக்கும் கிடைக்கவில்லை. அரசாங்க வேலையை நம்பியிராமல் நிலத்தை உழுது வாழ்வோம் என்பது வைட் கண்ட வழி. 1882-இல் மைசூர் மன்னர் பத்தாம் சாமராச உடையார் அவர்களுக்குப் பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். ஆங்கிலேயர் கைவிட்டவர்களுக்கு நிலம் தந்தவர் ஓர் இந்திய அரசர் என்பதை மறத்தலாகாது.

நடுவே ஒரு வட்டமான திடல், அதனைச் சுற்றி வீடுகள் என்று ஊர் அமைந்தது. அவ்வட்டம் ‘இன்னர் சர்க்கிள்’ என்னும் பெயரோடு இன்றும் உள்ளது. ஆயின் உழவு எண்ணியபடி செழிக்கவில்லை. நிலம் மேட்டு நிலம், மழையை நம்பியது, வந்தவர்கள் பலர் உழவறியாதவர்கள். நாளடைவில் ஓய்வு பெற்றவர்கள் அமைதியாக வாழும் ஊராகவே அது நின்றது. சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும் தமிழும் பேசப்பட்ட சிற்றூர்கள், வட்டத்துக்குள் ஆங்கிலம். 1947-க்குப் பிறகு ஆங்கிலோ-இந்தியர் பலர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று புறப்பட்டனர். எஞ்சியவர்களை நம் அரசியலமைப்பு மதித்தது. நாடாளுமன்ற மக்களவையில் இருவரை நியமிக்க வழி செய்தது. அவ்வழக்கம் 2020 சனவரியில் முடிவுற்றது.

இவ்வரலாற்றைச் சிலர் ஏளனத்தோடு சொல்வதுண்டு. அது முறையன்று. அவர்களை இரண்டு உலகங்களுக்கு இடையே நிறுத்தியது பேரரசின் கொள்கை. மேலும் ரயில்வேயில் அவர்கள் ஆற்றிய தொண்டு பெரிது. நாம் கொள்ள வேண்டிய பாடம் வேறு. ஒரு சமூகம் தன் மொழியைக் காப்பது உரிமை. ஆனால் வட்டத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினால், பிள்ளைகள் அந்த ஊரில் இருந்தும் இல்லாதவராகி விடுவர். வேர் இறங்காத மரம் முதற்காற்றில் சாயும்.

ஒரே நாளில் அயலார் ஆனவர்

தேசிய அரசு என்பது நூலில் இன்னொரு தலைப்பு. அதற்கு எடுத்துக்காட்டாக இத்தாலியையும் ஜெர்மனியையும் சொல்வார்கள். நமக்கு அருகில், நெஞ்சைச் சுடும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இலங்கை 1948-இல் விடுதலை பெற்றது. அவ்வாண்டே அந்நாடு இயற்றிய குடியுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாக மலையகத்துத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள், அதை விற்று அந்நாட்டுக்குச் செல்வம் தேடிக் கொடுத்தவர்கள், ஒரு சட்டத்தால் அயலார் ஆயினர்.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையில் 9,75,000 பேர் எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. எந்த நாட்டுக்குச் செல்ல விரும்புகிறீர் என்று அம்மக்களின் பிரதிநிதிகளை அழைத்துக் கேட்கவில்லை. தாயகம் திரும்பியவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கருநாடகத்தின் சுள்யா, புத்தூர் வட்டாரத்து அரசு ரப்பர்த் தோட்டங்களில் வேலை கிடைத்தது. இன்று நாம் அவர்களுக்கும் அண்டை வீட்டாரே.

இதனோடு நம் நிலையை ஒப்பு நோக்குக. இந்திய அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு, நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும், எப்பகுதியிலும் தங்கி வாழவும் குடிமகனுக்கு உரிமை தருகிறது. மொழிவழி மாநிலங்கள் 1956 நவம்பர் 1-இல் அமைந்தபோதும் அவ்வுரிமை குன்றவில்லை. காவிரி நீர் பற்றிய கலக்கம் மூண்ட நாட்களில் நம்மவர் சிலர் அஞ்சி வாழ்ந்ததும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போதும் நம்மை நாடற்றவர் ஆக்க எந்தச் சட்டமும் இல்லை. மலையகத் தமிழனுக்குக் கிட்டாத பேறு இது. உரிமையைச் சட்டம் தரும். உறவை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

இன்றைய அத்தியாயம்

கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. 120 ஆண்டு உழைப்பு அன்றோடு நின்றது. ஆயினும் தங்கவயல் மக்கள் ஊரை விட்டுவிடவில்லை. நாள்தோறும் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் பங்காருப்பேட்டையிலும் வண்டி ஏறி, வைட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் இறங்கி வேலைக்குச் சென்று, இரவு வீடு திரும்புகிறார்கள். பொன் தோண்டியவரின் பேரப்பிள்ளைகள் இன்று கணிப்பொறிக் கட்டடங்களைக் காவல் காக்கிறார்கள், துப்புரவு செய்கிறார்கள், சிலர் உள்ளே அமர்ந்து நிரலும் எழுதுகிறார்கள். அவ்வண்டியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே இருக்கையில் பேசப்படுகின்றன.

அக்கட்டடங்கள் வந்ததும் உலக வரலாற்றின் ஒரு திருப்பத்தால்தான். 1991-இல் இந்தியா தன் பொருளாதாரத்தைத் திறந்தது. அப்பத்தாண்டிலேயே சிங்கப்பூரின் கூட்டு முயற்சியோடு நம் ஊரில் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழன் கூலியாகச் சென்று சாலை போட்ட ஊர் சிங்கப்பூர். அந்நாடு தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வைத்தது. பின்பு அதன் முதல் கடல் கடந்து வந்து இங்கே மாளிகை எழுப்ப, தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகள் வேலை தேடி இங்கே வந்தனர். இப்பொழுதும் நம் மூன்று கேள்விகள் பொருந்தும். பயன் பெறுபவர் யார்? சுமப்பவர் யார்? பெயர்பவர் யார்? பொன்னின் காலம் முடிந்ததுபோல் இக்காலமும் ஒருநாள் மாறும் என்பதையும் வரலாறு கூறாமல் கூறுகிறது.

ஆதலின் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். ஒரு குறிப்பேடு வாங்குங்கள். நம் குடும்பத்தில் ஊர் பெயர்ந்தவர் யார், எந்த ஆண்டு, எவ்வூரிலிருந்து எவ்வூருக்கு, என்ன காரணத்தால் என்று பாட்டியிடமும் பெரியப்பாவிடமும் கேட்டுப் பிள்ளைகளையே எழுதச் செய்யுங்கள். பஞ்சமோ, சுரங்கமோ, ஆலையோ, படையோ, ரயில்வேயோ, கணிப்பொறியோ, எது காரணமாயினும் அதன் அருகே அதே ஆண்டில் உலகில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைப் பாடநூலிலிருந்து எடுத்து எழுதட்டும். பத்து வரிகள் நிரம்பும் முன் வரலாறு யாருக்கு உரியது என்பது அவர்களுக்கு விளங்கிவிடும். அக்குறிப்பேட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைக் கன்னட நண்பனுக்குக் கன்னடத்தில் எடுத்துச் சொல்லவும் பழக்குங்கள். அவன் வீட்டிலும் இத்தகைய கதை இருக்கும். அதையும் கேட்டு வரட்டும்.

அடுத்த திங்கள், 1942-இல் ஜப்பானியப் படைகள் பர்மாவில் புகுந்தபோது நடந்தே இந்தியாவுக்கு வந்த நம் மக்களைப் பற்றி எழுத எண்ணம். அவ்வழியே வந்தவரின் நினைவுகள் எவர் வீட்டிலேனும் வழங்கி வருமாயின், அன்பு கூர்ந்து சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள்.